பிரேக்கில் புகுந்த காற்று

குற்றவாளி யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வலது கால். அது தெரியாமல் ஒரு மாதம் ஊரைக் கூட்டி இன்னொருவர் மேல் பழி போட்டேன். அந்த ஒரு மாதத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். படிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் எங்கள் காலனி. எல்லாமே ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன குடும்பங்கள். இப்போது வீட்டுக்கு ஒருவராவது கம்பெனிக்குப் போகிறோம், மற்றவர்கள் வண்டி ஓட்டுகிறார்கள். எங்கள் தெருவில் மட்டும் ஏழு சின்ன லாரிகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழும் வரிசையாக நிற்கும். ஒருத்தர் கழுவுவார், ஒருத்தர் கிரீஸ் அடிப்பார், ஒருத்தர் அடியில் மல்லாந்து படுத்து எதையோ தட்டிக்கொண்டிருப்பார். கறிக்குழம்பு வாசனையும் டீசல் வாசனையும் கலந்து வந்தால் அன்று ஞாயிறு என்று அர்த்தம்.

நான் பொதட்டூர்பேட்டையில் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அதில் ஒன்பது வருஷமாக வண்டி சீட்டுகளுக்கு உறை தைக்கிற கம்பெனியில் வேலை. பவர் மிஷின். காலை லேசாக வைத்தால் போதும், ஊசி பறக்கும். தையல் முனைக்கு வந்த அந்த நொடியே கால் எழும்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஊசி துணியைத் தாண்டி விரலுக்கு வரும். நான் சேர்ந்த முதல் மாதத்தில் பக்கத்து மிஷின்காரியின் நகத்தில் ஊசி இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து என் கால் என்னைக் கேட்காமலே எழும்பப் பழகிக்கொண்டது. சூப்பர்வைசர் புதுப் பெண்களிடம், "அந்த அக்கா கால பாத்து கத்துக்கோங்க" என்று சொல்வார். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஏறியிருந்தது.

என் வீட்டுக்காரருக்கு வேறு ஒரு குணம். எந்த வேலையையும் அடுத்தவர் முடித்துக் கொடுத்தால் அவருக்கு அது முடிந்ததாகவே இருக்காது. முடி வெட்டிக்கொண்டு வருவார், வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று காதோரம் தானாக இரண்டு வெட்டு வெட்டுவார். ஓட்டலில் சாம்பாரை வாயில் வைக்கும் முன்பே உப்பைத் தேடுவார். நான் போட்ட கட்டிலையே அரை அங்குலம் நகர்த்திப் போட்டால்தான் தூக்கம் வரும். இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் ஃபினிஷிங். நான் வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

ஆடி மாதம் கழிந்த சமயம், இவர் ஓட்டுகிற எங்கள் லாரியின் பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிய ஆரம்பித்தது. மெயின் ரோட்டில் டீக்கடைக்கு எதிரில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டார். அவன் இவருக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு இளையவன். இவரை அண்ணா என்பான், என்னை அண்ணி என்பான். அவனுடைய மனைவியும் நானும் ஒரே கம்பெனி. பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஊர்க் கதை முழுவதையும் பேசி முடித்துவிட்டுத்தான் இறங்குவோம். மெக்கானிக் தம்பி சக்கரத்தைக் கழற்றி, கசிந்த சிலிண்டரை மாற்றி, காற்றையும் எடுத்துக் கொடுத்தான். சாயங்காலம் வண்டி வந்தபோது பெடல் கல் மாதிரி நின்றது. இவரே என்னிடம் வந்து, "சூப்பரா பண்ணிகீறான்" என்றார்.

சூப்பராக இருக்கிறதல்லவா, அதோடு விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டா முடித்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"இன்னாமே, வா. நாமளும் ஒரு தபா காத்து எட்த்துடலாம்."

"அதான் தம்பி எட்த்துட்டானே."

"எட்த்தான். ஒரு ஃபினிஷிங் குட்த்துடலாம், வா."

கூட இருந்த கிளீனர் ஆந்திரா பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதால் அன்று நான்தான் முதல்முறையாகப் பெடலுக்கு ஏறினேன். எங்கள் தெருவில் இது அதிசயமில்லை. லாரி ஓட்டத் தெரியாத பெண்கள் பலர் உண்டு, பிரேக் மிதிக்கத் தெரியாத பெண் கிடையாது.

வேலை இதுதான். இந்த மாதிரி வண்டிகளில் நாம் பிரேக்கை மிதிக்கும் பலத்தைச் சக்கரம் வரைக்கும் கொண்டுபோவது குழாய்க்குள் இருக்கும் ஆயில். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் நாம் மிதிப்பதெல்லாம் அந்தக் காற்றை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும், வண்டி நிற்காது. அதனால் ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மூன்று நான்கு முறை மிதித்து, அழுத்திப் பிடிக்க வேண்டும். கீழே இருப்பவர் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள சின்ன நட்டைத் திறப்பார். காற்றும் ஆயிலும் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும், பெடல் தரை வரைக்கும் இறங்கும். இறங்கினாலும் காலை எடுக்கக் கூடாது. நட்டை இறுக்கிவிட்டு அவர் "வுடு" என்று சொன்ன பிறகுதான் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் எடுத்தால் வெளிக்காற்று அதே வழியாக உள்ளே போய்விடும்.

இதையெல்லாம் இவர் எனக்குச் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். பெடலை அழுத்திப் பிடித்தேன். கீழே நட்டு திறந்தது. என் காலுக்கடியில் பெடல் சட்டென்று வழிவிட்டு இறங்கி, தரையைத் தொட்டது. ஒன்பது வருஷம் தைத்த கால் அது. முனை வந்துவிட்டது என்று நினைத்து, தானாக எழும்பிவிட்டது. எழும்பியதே எனக்குத் தெரியாது. நம் கண் இமைப்பது நமக்குத் தெரிகிறதா என்ன? இவர் அடியில் படுத்தபடி நட்டை இறுக்கி, "வுடு" என்றார். "வுட்டுட்டேன்" என்றேன். பொய் சொல்லவில்லை, உண்மையில் விட்டுத்தான் இருந்தேன். கொஞ்சம் முன்னதாக.

நட்டில் டியூப் மாட்டி, அதன் நுனியை ஆயில் இருக்கும் பாட்டிலில் அமிழ்த்தி வைத்துக்கொண்டு எடுப்பதுதான் முறை. உள்ளே போவதும் வெளியே வருவதும் அதில் தெரிந்துவிடும். இவர் ஒரு கொட்டாங்குச்சியைக் கீழே வைத்துக்கொண்டு வேலையை முடிக்கிறவர். அதில் என்ன தெரியும்? நாலு சக்கரத்துக்கும் சுற்றி வந்தோம். ஒவ்வொரு சக்கரத்திலும் இருந்த நல்ல ஆயிலை வெளியே விட்டு, கும்மிடிப்பூண்டிக் காற்றை உள்ளே அனுப்பி வைத்தோம். கடைசியில் இவர் ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். பெடல் பஞ்சுக்குள் போவதுபோல் போய்விட்டது.

"பாத்தியா? நான் சொல்லல? காத்து இன்னும் உள்ளதான் கீது. அவன் சரியா எடுக்கல," என்றார்.

நானும், "ஆமா, நாம எவ்ளோ எட்த்தும் வருதே," என்றேன்.

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. என் கோபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது வந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். இவர் வாயைத் திறந்து யாரையும் ஒன்றும் கேட்க மாட்டார். அதனால் எங்கள் வீட்டில் கேட்கிற வேலை முழுவதும் என்னுடையது. மறுநாள் சாயங்காலம் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டதும் நேராக ஷெட்டுக்குப் போனேன். தம்பி ஒரு வேனுக்கு அடியில் இருந்தான். இரண்டு டிரைவர்கள் வண்டியோடு காத்திருந்தார்கள். எதிரே டீக்கடையில் ஏழெட்டுப் பேர். அவன் மனைவியும் என்னோடுதான் இறங்கியிருந்தாள். ஷெட்டை ஒட்டித்தான் அவர்கள் வீடு. அவள் கையில் சாப்பாட்டுப் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா தம்பி வேல பாத்த நீ? பிரேக்கு போட்டு குட்த்தியா, பஞ்சு மெத்த தச்சி குட்த்தியா?" என்று ஆரம்பித்தேன்.

அவன் வேனுக்கு அடியிலிருந்து வந்து, "அண்ணி, நான் குட்க்கும்போது பெடல் நல்லாதான இருந்துச்சி. அண்ணனே மிதிச்சி பாத்தாரே," என்றான்.

"அப்போ நாங்க பொய் சொல்றோமா? உன்ன நம்பி எத்தினி பேரு புள்ளகுட்டியோட வண்டில போறாங்க? தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போ, உசுரோட வெளையாடாத!"

இன்னும் நிறையப் பேசினேன். டீக்கடையில் சிலர் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்கு வேகம் கூடியது. காத்திருந்த டிரைவர்களில் ஒரு வேன்காரர் மெதுவாக வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். தம்பி கையில் இருந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். நான் வீட்டுக்கு வந்து, "நல்லா கேட்டுட்டு வந்தேன்," என்று இவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவன் மனைவி என் பக்கம் வரவில்லை. முன்னால் போய் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். போனால் போகிறாள் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் முப்பது நிமிஷம் வாயை மூடிக்கொண்டு பயணம் செய்வது எவ்வளவு பேஜார் என்று அன்றுதான் தெரிந்தது.

இவர் வண்டியை ஹைவே பக்கம் வேறொரு ஷெட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே காற்றை எடுத்தார்கள். பெடல் கல் மாதிரி நின்றது. ஐந்து நாள் வண்டி அருமையாக ஓடியது. ஆறாவது நாள் ஞாயிறு.

"வா மே, ஒரு ஃபினிஷிங்."

திங்கட்கிழமை பெடல் மறுபடியும் பஞ்சு. இவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் வேல தெரியல," என்றார். நானும் ஒத்துக்கொண்டேன். இரண்டு பேர் சரியாகச் செய்துகொடுத்து, இரண்டு முறையும் நாங்கள் தொட்ட பிறகுதான் கெட்டது என்பது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை. தன் கை பட்டால் ஒன்று கெட்டுப்போகும் என்று நினைக்க அவருக்கு வராது. என் கால் தப்பு செய்யும் என்று நினைக்க எனக்கு வராது. பொருத்தம் பார்த்துத்தான் கல்யாணம் செய்து வைத்திருக்கிறார்கள்.

இதற்குள் நான் கத்தியது தன் வேலையைச் செய்திருந்தது. எங்கள் தெருவில் இருக்கும் மற்ற ஆறு வண்டிகளும் தம்பியின் ஷெட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டன. யாரும் அவனிடம் சண்டைக்குப் போகவில்லை. சும்மா போகாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். பிரேக் விஷயத்தில் யாரும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு வண்டியை விட மாட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பார்ப்பேன். ஷெட்டில் வண்டியே இருக்காது. தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து, துடைத்து வைத்த ஸ்பேனர்களை மறுபடி துடைத்துக்கொண்டிருப்பான். எனக்கு மனசுக்குள் கொஞ்சம் குறுகுறுவென்று இருக்கும். வேலை சரியாகச் செய்திருந்தால் இந்த நிலைமை வருமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடையைக் கட்டுவேன்.

பெடலை இரண்டு மூன்று தடவை மிதித்து மிதித்து நிறுத்தியே இவர் சமாளித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் மத்தியானம் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு லோடு ஏற்றிப் போனவர் நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். கை காலைக் கழுவாமல் சேரில் உட்கார்ந்தார். என்ன என்று மூன்று தடவை கேட்ட பிறகுதான் சொன்னார். முன்னால் போன டிரெய்லர் நின்றிருக்கிறது. இவர் மிதித்தார், பெடல் அடிவரைக்கும் போனது. மறுபடி மிதித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்து, டிரெய்லருக்கு ஒரு முழம் பின்னால் வண்டி நின்றது.

"ஒரு முழம்தான்," என்று கையை விரித்துக் காட்டினார்.

"வியாழக்கிழம எஃப்.சி.க்கு வண்டி காட்டணும். இந்த பிரேக்க வெச்சிகினு எவன் பாஸ் போடுவான்? வித்துடலாம் மே. நான் கம்பெனில செக்யூரிட்டி வேலைக்கு போறேன்," என்றார்.

எஃப்.சி. என்பது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று ஆபீசில் சோதித்துக் கொடுக்கும் சான்று. அது இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது. ஆனால் அவர் விற்கலாம் என்று சொன்னது அதற்காக மட்டுமில்லை. பயந்துபோயிருந்தார். அந்த மனிதர் பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

விஷயம் எப்படியோ தம்பியின் காதுக்குப் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு டூல்ஸ் பையும், ஒரு பாட்டிலும், கழுத்தில் தொங்கும் டியூபுமாக எங்கள் தெருவுக்குள் வந்தான். வண்டி கழுவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தண்ணீரை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் நைட்டியும் தோளில் துண்டுமாக வாசலில் நின்றிருந்தேன். உள்ளே போகவும் தோன்றவில்லை, வா என்று கூப்பிடவும் வாய் வரவில்லை.

"ணா, வண்டிய பாத்துட்டுப் போறேன். நான் கை வெச்ச வண்டி, இப்டி ஓடக் கூடாது," என்று இவரிடம் சொன்னான். "பேச்சு எதுவும் வோணாம்."

இவர் லாரி சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"மிதிக்கறது யாரு?"

"இவதான்," என்று என்னைக் காட்டினார்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவனுக்குத் தெரியும். பெடலிலிருந்து ரொம்பத் தூரத்தில் இருக்கிற இடது பின்சக்கரத்துக்குப் போய், நட்டில் டியூபை மாட்டி, அடுத்த நுனியை பாட்டில் ஆயிலில் விட்டான்.

"மிதிங்க அண்ணி. ம். புடிங்க."

பிடித்தேன். திறந்தான். பெடல் இறங்கியது. "வுடுங்க" என்றான். பாட்டில் ஆயில் டியூப் வழியாகத் திரும்பி உள்ளே போவதை அவன் பார்த்துவிட்டான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மறுபடி மிதிக்கச் சொன்னான். மூன்றாவது தடவையும் அதே. பிறகு அவன் எழுந்து, "ணா, நீ இந்த நட்ட தொறந்து மூடு, நான் அங்க பாத்துட்டு வரேன்," என்று இவரைக் கீழே உட்கார வைத்துவிட்டு, நான் இருந்த கதவுப் பக்கம் வந்தான். கதவைத் திறந்து, கீழே என் காலைப் பார்த்துக்கொண்டே, "மிதிங்க," என்றான்.

மிதித்தேன், பிடித்தேன். இவர் பின்னால் திறந்தார். பெடல் தரையைத் தொட்டது. தம்பியின் தலை லேசாக நிமிர்ந்தது. அவன் கண் போன இடத்துக்கு என் கண்ணும் போனது. என் கால் பெடலுக்கு மேலே அந்தரத்தில் இருந்தது. பின்னால் இவர் நட்டை இன்னும் இறுக்கியபடி இருந்தார். அதற்குப் பிறகுதான் "வுடு" என்ற குரல் வந்தது.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. முதல் ஞாயிறு, இரண்டாவது ஷெட், காட்டுப்பள்ளி ரோடு, அந்த ஒரு முழம். இவரைச் சாவு வாசல் வரைக்கும் அனுப்பி வைத்தது என் கால்.

தம்பி என் முகத்தைப் பார்த்தான். பின்னால் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"அண்ணி, பெடல் கீழ எறங்கினாலும் அமுக்கினே இருங்க. வுடுன்னு சொன்னப்புறம் எட்த்தா போதும்."

அவ்வளவுதான். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். அவன் திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

மீதி வேலைக்கு நான் இரண்டு கையாலும் என் தொடையைப் பிடித்து அழுத்திக்கொண்டேன். அப்படியும் அந்தக் கால் எழும்பத் துடித்தது. ஒவ்வொரு சக்கரமாக வந்தார்கள். மூன்றாவது சக்கரத்துக்கு வரும்போது காலுக்கடியில் பெடல் இறுகுவது தெரிந்தது. நாலாவது முடிந்ததும் நான் நகர்ந்துகொள்ள, இவர் ஏறி மிதித்துப் பார்த்தார். வண்டியைத் தெருமுனை வரைக்கும் ஓட்டி, சடக்கென்று நிறுத்திக் காட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தலை போய்க் கண்ணாடியில் இடிக்காத குறை. திரும்பி வந்து, எஃப்.சி.க்கு இனி பயமில்லை என்று இறங்கும்போது இவர் முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

தெருக்காரர்கள் சுற்றி நின்றார்கள். இவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "பாத்தியா, டியூபு வெச்சி நிதானமா எட்த்தா எப்டி நிக்குது! அன்னிக்கே இப்டி பண்ணியிருந்தா இவ்ளோ பேஜாரு இருக்காதுல்ல?" என்றார்.

தம்பி பாட்டிலை மூடிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமல் சொன்னான்:

"ஆமாண்ணா. அன்னிக்கு கொஞ்சம் அவசரத்துல பண்ட்டேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவனை ஒரு மாதம் வேலையில்லாமல் உட்கார வைத்தவள் நான். அவன் அந்தப் பழியைத் தானாகவே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போகப் பார்க்கிறான்! இதை நான் விட்டால் நான் மனுஷியே இல்லை.

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கத்தியது எங்கள் தெருவில் இல்லையே. லாரியிலிருந்து இறங்கி, தோளில் கிடந்த துண்டை நன்றாகப் போர்த்திக்கொண்டு மெயின் ரோட்டைப் பார்க்க நடந்தேன். "ஏய், எங்க போற? நைட்டியோட எங்க போற?" என்று இவர் பின்னாலேயே ஓடி வந்தார். தம்பி பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். வேடிக்கை பார்க்கத் தெருவே வந்தது. சோப்பு நுரை காயாத கையோடு இரண்டு பேர் வந்தார்கள்.

டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அன்று எந்த இடத்தில் நின்று கத்தினேனோ, அங்கேயே போய் நின்றேன். அதே குரலில் ஆரம்பித்தேன். எனக்கு வேறு குரல் கிடையாது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! அன்னிக்கு நான் இங்க நின்னு தம்பிய பேசினேன் இல்ல? அவன் வேல நல்ல வேல! தப்பு என்னுது! என் கால் தப்பு! வுடுன்னு சொல்றதுக்கு முன்னாடியே நான் கால எட்த்துட்டேன். ஒவ்வொரு வாட்டியும் எட்த்துட்டேன். அவன் காத்த வெளிய எட்த்தான், நான் உள்ள அனுப்பினேன். எங்க பிரேக்க கெட்த்தது நானும் எங்க ஊட்டுக்காரரும்தான்!"

"என்ன எதுக்குடி சேக்கற?" என்றார் இவர்.

"உன் ஃபினிஷிங்க எதுல சேக்கறது?"

கூட்டம் சிரித்தது. டீ மாஸ்டர் கையில் டம்ளரைப் பிடித்தபடி நின்றார். அன்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போன வேன்காரர் பெஞ்சில் இருந்தார். "ஏம்மா, பிரேக்க தையல் மிஷினுன்னு நெனச்சிட்டியா?" என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்டது அப்படியே உண்மை என்பதால் ஆமாம் என்று தலையாட்டினேன். மறுபடி சிரிப்பு. இவருக்கு முதலில் முகம் கறுத்தது. என் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் நெற்றியைத் தட்டிக்கொண்டு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு மூச்சு வாங்கச் சிரித்தார். பிறகு எழுந்துபோய்த் தம்பியின் தோளில் கையைப் போட்டு, "மன்னிச்சிக்கோடா," என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்குக்கூடச் சொன்னதில்லை.

சத்தம் கேட்டு ஷெட்டை ஒட்டிய வீட்டிலிருந்து தம்பியின் மனைவி வந்து நின்றாள். கையில் மீன் கழுவிய ஈரம். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியாது. ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

"பிரேக்குல இருந்த காத்த எட்த்தாச்சி சரி. யக்கா, உன் வாயில கீற காத்த யாரு எடுக்கறது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மீன் வாசனையோடு அவளும் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு பஸ்ல வந்து பேசிக்கறேன் உன்ன," என்றாள். அவள் அப்படிச் சொன்னால் முப்பது நிமிஷமும் எனக்குத் திட்டுதான் என்று அர்த்தம். அதற்காக மறுநாள் விடியாதா என்று இருந்தது.

வேன்காரர் டீயை முடித்துவிட்டு எழுந்து, தம்பியிடம், "நம்ம வண்டியும் ஒரு பக்கமா இழுக்குதுபா, பாக்கறியா?" என்று கேட்டார். "கொண்டாங்க," என்றான் தம்பி. அவர் வண்டியை எடுக்கப் போனதும் ஷெட்டின் ஷட்டரைத் தூக்கிவிட்டான். கூட்டம் கலைந்தது. நானும் நைட்டியோடு மெயின் ரோட்டில் நிற்கிறேன் என்பது அப்போதுதான் உறைக்க, வீட்டுக்குத் திரும்பினேன். பின்னாலிருந்து தம்பி கூப்பிட்டான்.

"அண்ணி."

நின்றேன். பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் சொன்னான்:

"நீங்க சொல்லலன்னா நான் யார்ட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்."

"தெரியும் தம்பி," என்றேன். "அதனாலதான் இங்க வந்து கத்தினேன்."